மூன்று கணிப்பொறிகளும் ஒரு பாடமும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

ஊருக்கு ஒரு கணிப்பொறி இருந்தாலே பெருமை என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. 1973ஆம் ஆண்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணிப்பொறி நிறுவப்பட்டது. அக்காலத்தில் மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் துளையிட்ட அட்டைகளை அடுக்கி எடுத்துச் சென்று, கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருப்பார்கள். அன்று ஒரு கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுக்கொண்டனர். இன்றோ ஒருவரே தம் வேலைகளைப் பல கணிப்பொறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார். மேசையில் ஒன்று, மடியில் ஒன்று, சட்டைப் பையில் கைபேசி என்னும் பெயரில் இன்னொன்று.

ஒரு கணிப்பொறியே எல்லா வேலைகளையும் செய்யும் வல்லமை பெற்றிருக்கும்போது ஒன்றுக்கு மேல் எதற்கு? இது ஆடம்பரமா, அவசியமா? அவசியம் எனின், எந்த வேலையை எதனிடம் கொடுப்பது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதன் முதல் பாடத்தை நான் கற்றது வகுப்பறையில் அன்று. செங்கற்பட்டுப் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு ஜெராக்ஸ் கடையில். அது கசப்பான பாடம்.

ஒரு மாலையில் நடந்தது

என் ஊர் சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். நாள்தோறும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் கல்லூரிக்கு வந்து செல்கிறேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக, முதலாம் ஆண்டிலிருந்தே வகுப்பு முடிந்தபின் இரவு எட்டரை மணிவரை அந்தக் கடையில் வேலை பார்த்து வருகிறேன். அப்பொழுது கடையில் இருந்தது ஒரே ஒரு கணிப்பொறி. இணையத்தில் விண்ணப்பம் அனுப்புவது அதில்தான்; கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது அதில்தான்; பாஸ்போர்ட் அளவுப் படம் அச்சிடுவது, மின் கட்டணம் செலுத்துவது, கடையின் வரவு செலவுக் கணக்கு எழுதுவது ஆகிய யாவும் அதில்தான். வருவோர் போவோரின் பென் டிரைவ் எல்லாம் அதன் வாயில்தான் செருகப்படும்.

ஒருநாள் மாலை, எங்கள் கடற்கரைப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளின் கல்வி உதவித்தொகைக்கான சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "இன்னிக்குத்தான் கடைசி நாளாம் தம்பி. எப்படியாவது அனுப்பிக் கொடுத்துடுப்பா" என்றார். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, விண்ணப்பத்தில் பாதிவரை நிரப்பிவிட்டேன். அப்பொழுது ஒருவர் அவசரமாக வந்து, "ஒரே ஒரு பக்கம்தான், எடுத்துக் கொடுத்துடு" என்று பென் டிரைவை நீட்டினார். வாங்கிச் செருகினேன்.

சிறிது நேரத்தில் திரையில் இருந்த கோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவை இருந்த இடத்தில் பொய்யான குறிகள் தோன்றின. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. நிறுத்தி மீண்டும் இயக்கினேன். திரை கறுப்பாகவே நின்றது. அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு பக்கத்துக் கடைகளுக்கு ஓடினேன். ஒன்று மூடியிருந்தது. மற்றொன்றில் கடைசி நாள் கூட்டம் வாசல்வரை நின்றது. எங்கள் முறை வருமுன் அவருடைய கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. சான்றிதழ்களை மீண்டும் அதே பையில் சுற்றிக்கொண்டு, "விடு தம்பி, நீ என்ன பண்ணுவே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆண்டு அப்பெண்ணுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. பென் டிரைவைச் செருகிய கை என்னுடையது என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

திண்ணையும் உள்ளறையும்

கடை முதலாளி பத்தாம் வகுப்புவரை படித்தவர். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வாரம் யோசித்தார். பின்னர்ச் சென்னைக்குச் சென்று, பழைய கணிப்பொறிகள் இரண்டை வாங்கிவந்தார். பழுது பார்க்கப்பட்ட பழையதோடு சேர்த்துக் கடையில் மூன்றாயின. மூன்றுக்கும் அவர் வேலை பிரித்துக் கொடுத்தார்.

முதலாவது, விண்ணப்பங்களுக்கும் பணம் செலுத்துவதற்கும் மட்டும். அதில் யாருடைய பென் டிரைவும் நுழையக்கூடாது. சான்றிதழ்கள் தாளாகவே வரவேண்டும். அங்கேயே ஸ்கேன் செய்யப்படும். இரண்டாவது, பத்திரிகை வடிவமைப்புக்கும் கடைக் கணக்குக்கும் உரியது. அதற்கு இணைய இணைப்பே கிடையாது. மூன்றாவது, வருவோர் பென் டிரைவிலிருந்து அச்செடுப்பதற்கு உரியது. அதற்குத் தனி அச்சுப்பொறி. அதில் நாங்கள் எதையும் சேமித்து வைப்பதில்லை. அது கெட்டால் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றிக்கொள்வோம்.

அந்த மூன்றாவதற்கு அவர் வைத்த பெயர் 'திண்ணை'. "வழிப்போக்கன் வந்தா திண்ணையில உட்கார வைக்கலாம் தம்பி. தண்ணி கொடுக்கலாம். அரிசிப் பானை இருக்கிற அறைக்குள்ள விட முடியுமா?" என்றார். கணிப்பொறியை அதன் வேகத்தையும் விலையையும் கொண்டு அவர் பிரிக்கவில்லை. எது கெட்டால் யாருக்கு என்ன நட்டம் என்பதைக் கொண்டு பிரித்தார். இவ்வொரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை யாவும் விளங்கும்.

இதை எங்கள் இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் கூறினேன். அவர் புன்னகைத்து, "நீ தினமும் வருகிற ஊர்ப்பக்கத்திலேயே இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள், கல்பாக்கத்தைப் பற்றிப் படித்துப் பார்" என்றார். படித்தேன். கடையில் கண்ட முறையே அங்கும் இருக்கக் கண்டு வியந்தேன்.

கடலோரத்துக் கணிப்பொறிகள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தை அடுத்து அமைந்தது கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலையில் 1983 ஜூலையிலும், இரண்டாவது உலையில் 1985 ஆகஸ்டிலும் தொடர்வினை முதன்முதலாக நிலைபெற்றது. 1985 அக்டோபரில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலையும் இயங்கத் தொடங்கியது. அந்த அனுபவத்தின்மேல் எழுப்பப்பட்டதே 500 மெகாவாட் திறனுக்கு வடிவமைக்கப்பட்ட முன்மாதிரி வேக ஈனுலை.

இந்த முன்மாதிரி உலையில் வெப்பத்தை ஏந்திச் செல்வது உருகிய சோடியம். உலையின் கருவத்தை விட்டு அது வெளியேறும்போது அதன் வெப்பநிலை ஏறத்தாழ 547 செல்சியஸ் பாகை. எரிபொருள் தொகுதி ஒன்றில் சோடியத்தின் ஓட்டம் தடைப்பட்டால், அங்கு வெப்பநிலை உயரும். அதைக் கண்டறிய ஒவ்வொரு எரிபொருள் தொகுதியின் மேலும் வெப்ப மின்னிரட்டைகள் பொருத்தப்பட்டுள்ளன. அவை தரும் அளவுகளைக் கணிப்பொறிகள் இடைவிடாது படித்து, வரம்பு மீறினால் உலையை நிறுத்த ஆணையிடும்.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்று உண்டு. அந்த உலையின் எல்லா வேலைகளையும் ஒரே பெரிய கணிப்பொறியிடம் அவர்கள் ஒப்படைக்கவில்லை. வேலைகளை முதலில் மூவகையாகப் பிரித்தனர். பாதுகாப்புக்கு உயிர்நாடியானவை முதல் வகை. கருவத்தின் வெப்பநிலையைக் கண்காணிப்பது இவ்வகையைச் சேர்ந்தது. இதற்கு மூன்று கணிப்பொறிகள் ஒரே வேளையில் உழைக்கும். பாதுகாப்போடு தொடர்புடையவை இரண்டாம் வகை. இதற்கு இரண்டு கணிப்பொறிகள். ஒன்று பணியாற்றும், மற்றொன்று அதே கணக்கைத் தானும் செய்துகொண்டு ஆயத்தமாக நிற்கும், முதலாவது பழுதானால் உடனே பொறுப்பை ஏற்கும். பாதுகாப்போடு தொடர்பில்லாதவை மூன்றாம் வகை. இதற்கு ஒன்றே போதும். வேலையின் கனத்துக்கு ஏற்பக் கணிப்பொறிகளின் எண்ணிக்கை அமைந்திருப்பதைக் காண்க.

மற்றொரு செய்தியும் வியப்பளிக்கும். அந்தக் கணிப்பொறிகளுக்கு அவர்கள் தேர்ந்தது மோட்டோரோலா 68020 என்னும் செயலி. அது 1984இல் வெளிவந்தது. இன்றைய கைபேசியோடு ஒப்பிட்டால் அது ஆமை. ஆயினும் ஒரே வேலையை, குறித்த நேரத்தில், பிசகின்றிச் செய்ய அதுவே போதும். நெடுங்காலம் பழகியதால் அதன் குணங்குறைகள் யாவும் வெளிப்பட்டவை. பழைய பொருள் எல்லாம் பயனற்றது என்று எண்ணுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். எங்கள் கடைக்கு வந்த பழைய கணிப்பொறிகளும் ஒவ்வொரு வேலைக்கு என்று நின்றபின் நன்றாகவே உழைக்கின்றன.

மூன்றில் இரண்டு

உயிர்நாடியான வேலைக்கு ஏன் மூன்று? இரண்டு போதாதா? இதற்குக் கணிதமே விடை கூறும். நண்பர்கள் பென்சிலை எடுத்து உடன் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கணக்கின் எளிமைக்காக, ஒரு கருவி தேவையான வேளையில் செயல்படத் தவறும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று கொள்வோம். தேவையில்லாத வேளையில் வீணாக எச்சரிக்கும் வாய்ப்பும் அவ்வாறே நூற்றில் ஒன்று எனக் கொள்வோம். ஒரே கருவி இருந்தால் இரு தவறுகளும் நூற்றுக்கு ஒன்று வீதம் நிகழும்.

இப்பொழுது இரண்டு கருவிகளை வைத்து, 'எது சொன்னாலும் நிறுத்து' என்று விதிப்போம். இரண்டும் ஒருசேரத் தவறினால்தான் ஆபத்து. அந்த வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் வீண் எச்சரிக்கை பதினாயிரத்தில் 199 ஆக, ஏறக்குறைய இரு மடங்காக உயர்கிறது. 'இரண்டும் சொன்னால்தான் நிறுத்து' என்று விதித்தால் நிலைமை தலைகீழாகும். வீண் எச்சரிக்கை குறையும். ஆபத்தைத் தவறவிடும் வாய்ப்பு இரு மடங்காகும். இரண்டு கடிகாரங்கள் வெவ்வேறு மணி காட்டினால் எது சரி என்று நமக்குத் தெரியாதன்றோ? அதே தொல்லைதான் இங்கும்.

மூன்று கருவிகளை வைத்து, 'இரண்டு ஒத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்' என்று விதித்தால் என்ன ஆகும்? குறைந்தது இரண்டு கருவிகள் ஒரே வேளையில் தவற வேண்டும். யாரேனும் இரண்டு தவறி மூன்றாவது சரியாக இருக்கும் வாய்ப்பு 3 × 0.01 × 0.01 × 0.99. மூன்றும் தவறும் வாய்ப்பு 0.01 × 0.01 × 0.01. இரண்டையும் கூட்டினால் 0.000298. அதாவது பதினாயிரத்தில் ஏறத்தாழ மூன்று. ஆபத்தைத் தவறவிடுவதும் வீணாக எச்சரிப்பதும் ஆகிய இரண்டுமே ஒருசேர முப்பது மடங்குக்கு மேல் குறைந்துவிடுகின்றன. மேலும், ஒன்றைப் பழுது பார்க்கவும் சோதிக்கவும் வெளியே எடுத்தாலும் மற்ற இரண்டும் காவல் நிற்கும். 'மூன்றில் இரண்டு' என்னும் இம்முறை உலகெங்கும் அணுஉலைப் பாதுகாப்பில் கைக்கொள்ளப்படுவதன் காரணம் இதுவே.

ஆயினும் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்துள்ளது. 0.01 என்னும் எண்ணை நாம் பெருக்கினோம். ஒன்றின் தவறு மற்றொன்றின் தவறோடு தொடர்பற்றதாக இருந்தால்தான் அவ்வாறு பெருக்கலாம். எல்லாம் ஒரே காரணத்தால் கெடுமானால் மூன்று என்ன, முந்நூறு வைத்தாலும் ஒன்றுதான். இதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம்.

இரட்டையர் இருவரும் வீழ்ந்த கதை

1996 ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவின் குரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பிய நாடுகளின் ஏரியான் 5 ஏவுகணை முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் திசையையும் நிலையையும் கணக்கிட ஒரு கணிப்பொறியும், அது பழுதானால் ஏற்றுக்கொள்ள மற்றொன்றும் இருந்தன. இரண்டும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே வகை. இரண்டிலும் ஒரே நிரல். அந்த நிரல் முந்தைய ஏரியான் 4 ஏவுகணைக்காக எழுதப்பட்டது. புதிய ஏவுகணையின் கிடைமட்ட வேகம் அதைவிட அதிகம். வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 16 பிட் கொண்ட சிறிய இடத்தில் அடக்க நிரல் முயன்றது. அந்த இடத்தில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. எண் அதனை விஞ்சியது. கணிப்பொறி திகைத்து நின்றது. துணைக்கு இருந்த மற்றொன்று காப்பாற்றியதா? இல்லை. அதே காரணத்தால் ஒரு கணத்துக்கு முன்னரே அதுவும் நின்றுவிட்டது. புறப்பட்ட நாற்பது நொடிக்குள் ஏவுகணை வானில் சிதறியது.

இரண்டு இருந்தும் பயனில்லை; இரண்டும் ஒரே தவற்றைச் சுமந்த இரட்டையர். இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்கள் அமெரிக்க விண்வெளி ஓடத்தை அமைத்தவர்கள். அதில் ஐந்து கணிப்பொறிகள் இருந்தன. நான்கில் ஒரே நிரல். ஐந்தாவதில் மட்டும், வேறொரு நிறுவனத்தார் தனியே எழுதிய நிரல். நான்கும் ஒரே பிழையால் வீழ்ந்தாலும் ஐந்தாவது ஓடத்தைத் தரையிறக்க வேண்டும் என்பது திட்டம். இதற்கும் ஒரு விலை உண்டு. 1981 ஏப்ரல் 10ஆம் நாள் முதல் பயணம் தொடங்கவிருந்த வேளையில், அந்த ஐந்தாவதும் மற்ற நான்கும் நேரக்கணக்கில் ஒத்துவரவில்லை. பயணம் நிறுத்தப்பட்டு, இரண்டு நாட்கள் கழித்து ஏப்ரல் 12ஆம் நாள் நிகழ்ந்தது. கணிப்பொறிகள் பலவானால் அவற்றை ஒத்துப்போகச் செய்யும் வேலையும் கூடுகிறது. ஆகவே தேவையின்றிப் பெருக்கிக்கொள்வதும் அறிவுடைமை ஆகாது.

கல்பாக்கத்து முன்மாதிரி உலையிலும் இந்த 'வேற்றுமை' நெறி காணப்படுகிறது. உலையை நிறுத்த இரண்டு தனித்தனி அமைப்புகள். ஒன்றில் 9 கோல்கள், மற்றொன்றில் 3 கோல்கள். இரு வகைக் கோல்களின் இயங்கமைப்பும் வெவ்வேறு. எந்த ஒன்றும் தனித்தே உலையை நிறுத்த வல்லது. மாமல்லபுரத்து ரதங்களைப் பார்த்திருக்கிறோம். திரௌபதி ரதம் குடிசை போன்றது. பீம ரதம் நீண்ட வண்டிக்கூரை போன்றது. சகதேவ ரதம் யானையின் பின்புறம் போல் வளைந்தது. அருகருகே நின்றாலும் வடிவில் வேறுபட்டவை. பாதுகாப்புக்கு வைக்கும் துணையும் அப்படித்தான் இருக்க வேண்டும். அருகில் நிற்கலாம், வார்ப்பு ஒன்றாக இருத்தல் ஆகாது.

வேலியும் வாசலும்

கணிப்பொறிகளைப் பிரித்துவிட்டால் மட்டும் போதுமா? அவற்றுக்கிடையே வேலி வேண்டும். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில், இந்திய அணுமின் கழகத்தின் அமைப்பில் தீய நிரல் ஒன்று புகுந்திருப்பதாகத் தகவல் வந்தது. கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்தது. அக்டோபர் 30ஆம் நாள் அக்கழகம் அதை ஒப்புக்கொண்டு விளக்கம் அளித்தது. பாதிக்கப்பட்டது நிருவாகப் பணிகளுக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு கணிப்பொறி. நிலையத்தின் முக்கியமான உள் வலையமைப்பு அதனின்றும் முற்றிலும் பிரிக்கப்பட்டது என்பதே அவ்விளக்கம். திண்ணையில் திருடன் புகுந்தான். உள்ளறைக்குக் கதவில்லாததால் அங்கே நுழைய முடியவில்லை எனலாம். எல்லா வேலைகளும் ஒரே வலையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது.

ஆனால் வேலி இருக்கிறது என்று உறங்கிவிடவும் கூடாது. 2010ஆம் ஆண்டு ஸ்டக்ஸ்நெட் என்னும் தீய நிரல் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஈரான் நாட்டின் நதான்ஸ் நகரிலுள்ள யுரேனியச் செறிவூட்டும் நிலையத்தைக் குறிவைத்தது. இணையத்தோடு இணையாத கணிப்பொறிகளையும் அது எட்டியது. எப்படி? பென் டிரைவ் வழியாகப் பரவும் திறம் அதற்கு இருந்தது. உள்ளே புகுந்தபின் சுழற்பொறிகளின் வேகத்தைத் தாறுமாறாக மாற்றியது. அதே வேளையில், முன்பு பதிவு செய்து வைத்த நல்ல அளவுகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. கண்காணிப்போர் எல்லாம் நலமென நம்பினர். இயக்குவதும் கண்காணிப்பதும் ஒரே சங்கிலியில் இருந்தால் நேரும் கேடு இது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த மாலை நேரம் நினைவுக்கு வந்தது. இணையக் கம்பியை அறுத்துவிடலாம். ஆனால் "ஒரே ஒரு பக்கம்தான்" என்று நீட்டப்படும் கையை மறுப்பதற்கு மனிதனுக்குத்தான் துணிவு வேண்டும். வேலியின் மிக மெலிந்த இடம் நம் இரக்கமும் அவசரமுமே.

ஒரே இடத்தில் வைத்தவை

இன்னும் ஒரு பாடத்தைக் கடல் கற்பித்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தாக்கியது. நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு அது; அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர்களிலும் கல்பாக்கம் குடியிருப்பிலும் பல உயிர்கள் பறிபோயின. அன்று சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை இயங்கிக்கொண்டிருந்தது. குளிர்விப்பதற்குக் கடல்நீரைக் கொண்டுவரும் சுரங்கவழி வாயிலாக நீர் உயர்ந்து, இறைப்பு நிலையத்துக்குள் புகுந்தது. அங்கிருந்த இறைப்பான்கள் பாதிக்கப்பட்டன. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. முக்கியக் கட்டடங்கள் உயர்ந்த தளத்தில் அமைந்திருந்ததால் அங்கே நீர் செல்லவில்லை.

இறைப்பான்கள் பலவாயினும், ஒரே இடத்தில் இருந்தவை ஒன்றாகவே நனைந்தன. உயரத்தில் தனியே இருந்தவை தப்பின. கணிப்பொறிக்கும் இது பொருந்தும். கோப்பின் நகலை அதே மேசையின் இழுப்பறையில் வைத்திருப்பவர், மழைநீர் புகும் நாளிலும் திருட்டு நிகழும் நாளிலும் இரண்டையும் ஒருங்கே இழப்பார். எங்கள் முதலாளி இப்பொழுது கடைக் கணக்கின் நகல் ஒன்றை வாரந்தோறும் வீட்டுக்கு எடுத்துச் சென்று பரண்மேல் வைக்கிறார். மாதம் ஒருமுறை அது திறக்கிறதா என்று பார்க்கவும் பார்க்கிறார். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணம் போன்றது என்பது அவர் கருத்து.

நாம் செய்யத்தக்கவை

மாணவ நண்பர்களே! நம்மில் பலருக்கு ஒரு கணிப்பொறி வாய்ப்பதே அரிது. அப்படியிருக்க இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். என் வீட்டில் இருப்பது, 2011இல் தொடங்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் அக்கா பள்ளியில் படித்தபோது பெற்ற பழைய மடிக்கணினி ஒன்றே. அதோடு ஒரு கைபேசி. கல்லூரி ஆய்வகத்தில் பொதுக் கணிப்பொறி. எண்ணிப் பார்த்தால் நமக்கும் மூன்று இருக்கின்றன. பிரித்துப் பயன்படுத்தத்தான் தெரியவில்லை.

நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். மடிக்கணினியில் பாடக்குறிப்பும் செயல்திட்ட அறிக்கையும் மட்டும். அதில் பிறர் பென் டிரைவைச் செருகுவதில்லை, விளையாட்டுகளை ஏற்றுவதில்லை. கைபேசியில் செய்திகளும் படங்களும். ஆய்வகக் கணிப்பொறி பலர் அமரும் திண்ணை. அங்கே என் கடவுச்சொல்லைப் பதிந்து வைப்பதில்லை, வேலை முடிந்ததும் வெளியேறிவிடுகிறேன். அங்கே செருகிய பென் டிரைவை நேரே மடிக்கணினியில் செருகுவதும் இல்லை. தேவையான கோப்பை எனக்கே மின்னஞ்சல் செய்துகொண்டு, சோதித்தபின் திறக்கிறேன். அறிக்கையின் நகல் ஒன்று நண்பன் வீட்டில் இருக்கிறது. அவனுடையது என் வீட்டில்.

ஒரே கணிப்பொறிதான் உள்ளது என்போரும் கவலற்க. ஒரே வீட்டில் அறைகள் பிரிப்பதுபோல, ஒரே கணிப்பொறியில் இரண்டு பயனர் கணக்குகளை அமைத்துக்கொள்ளலாம். அன்றாட வேலைக்கு அதிகாரம் குறைந்த கணக்கு. புதிய நிரல்களை ஏற்றும் அதிகாரம் வேறொரு கணக்கில். இது முழு வேலி ஆகாது. ஆயினும் திறந்த வெளியைவிட இது மேல்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். வேலைகளை அவை கெட்டால் விளையும் நட்டத்தைக் கொண்டு பிரிக்க வேண்டும். நட்டம் பெரிதாகும் இடத்தில் துணை வைக்க வேண்டும். அந்தத் துணை, முதலாவது வீழும் அதே காரணத்தால் வீழாததாக இருக்க வேண்டும். இடையில் வேலி வேண்டும். வேலியைக் காக்கும் மனஉறுதியும் வேண்டும். பல கோடி செலவில் எழுந்த அணுஉலைக்கும், பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடைக்கும் நெறி ஒன்றே.

மறு ஆண்டும் அந்த அம்மா வந்தார். இம்முறை கடைசி நாளுக்குப் பத்து நாட்கள் முன்னரே வந்துவிட்டார். மகளும் உடன் வந்திருந்தாள். முதல் கணிப்பொறியில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஒருவர் பென் டிரைவை நீட்டி, "ஒரே நிமிஷம் தம்பி" என்றார். "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க, அது இதுக்குன்னே இருக்கு" என்று திண்ணையைக் காட்டினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே அங்கே சென்றார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்னும் ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அதை அவள் இருமுறை படித்துவிட்டு, அம்மாவின் அதே பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.